‘மட்டும்’ என்னும் சொல்: சமத்துவச் சட்டமும் தோட்டத்துப் பெண்ணும்

சொல்லை ஆராய்வது இலக்கியத் திறனாய்வின் முதற்பணி. ஒரு செய்யுளில் ஓர் இடைச்சொல் இடம் மாறினால் பொருள் திரிந்துவிடும் என்பதைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். ஏகாரமும் உம்மையும் எத்தனை பொருளில் வரும் எனத் தொல்காப்பியரும் நன்னூலாரும் தனித்தனியே வகுத்துக் காட்டியது இதனாலேதான். சட்டமும் சொல்லால் ஆகிய ஒரு நூலே. செய்யுளில் சொல் பிறழ்ந்தால் சுவை கெடும். சட்டத்தில் சொல் பிறழ்ந்தால் ஒருத்தியின் கூலியும் குடியிருப்பும் குழந்தையும் அவளை விட்டு நீங்கும். ஆதலின், சட்டத்தை வழக்கறிஞர்க்கே உரிய பொருளெனத் தமிழாசிரியரும் மாணவரும் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் சமத்துவ விதியைச் சொல்வழி நின்று படித்து, அதன் நிழல் தோட்டத்துத் தமிழ்ப்பெண்ணின் மீது எவ்வளவு விழுந்தது, எங்கே விழாமற் போயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கூலிக் கணக்கு என்னும் நூல்

பேராக் மாநிலத்தின் கிந்தா மாவட்டத்தில், ஈப்போவிலிருந்து பத்து காஜாவுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த சிற்றூர் லகாட். ஈயமும் இரப்பரும் வளர்த்த ஊர்களுள் அதுவும் ஒன்று. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளரும், பால்மரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரும் மிகுந்திருந்தனர். ஆற்றுநீரில் தூலாங் தட்டேந்தி ஈயமணல் அலசிய சீனப்பெண்களும், விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் வெட்டச் சென்ற தமிழ்ப்பெண்களும் ஒரே மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள். 1985ஆம் ஆண்டு உலக ஈயச் சந்தை சரிந்தபோது சுரங்கங்கள் மூடப்பட்டன. தோட்டங்கள் பலவும் காலப்போக்கில் வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறின. நிலம் மாறிய போதிலும், அந்நிலத்தில் உழைத்தவளின் கணக்கு தீர்ந்துவிடவில்லை.

அக்கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் செக்ரோல் எனப்படும் தோட்டத்துப் பெயர்ப் பதிவேடே. 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்க்கு அரசு வகுத்த தினக்கூலி, எளிதில் சென்றடையத்தக்க பகுதிகளில், ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது இரண்டும் குறைக்கப்பட்டன. ஆயினும் இடைவெளி நீங்கவில்லை. ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கே பெண்ணின் கூலி என்பது எழுதப்பட்ட விதியாகவே நின்றது. இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. இவ்வாறு நாட்கூலி வகுக்கப்பட்டது இந்தியர்க்கே. ஒப்பந்த முறையில் உழைத்த சீனத் தொழிலாளி பொதுவாக அதனினும் மிகுதியாகவே ஈட்டினான். எனவே, தமிழ்ப்பெண்ணின் 40 காசு இரண்டு வேற்றுமைகளின் விளைவு. இந்தியர் என்பதனால் கூலி ஒருமுறை தாழ்ந்தது. அத்தாழ்ந்த கூலி, பெண் என்பதனால் மீண்டும் ஒருமுறை தாழ்ந்தது.

இவ்விரண்டுடன் மூன்றாவதொன்றும் சேர்ந்தது. தோட்டத்து லயத்தில் வீடு வேலையுடன் கட்டுண்டது. வேலை போனால் வீடும் போகும். ஆயாக் கொட்டகையும் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் அதனோடு கைநழுவும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உலை வைத்து, பிள்ளையை ஆயாவிடம் ஒப்படைத்து, பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, மரம் வெட்டி, மங்கிலிருந்து பாலெடுத்து, வாளிகளைக் காண்டாவில் சுமந்து கொட்டகை சேர்த்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்பிய பெண்ணுக்கு, கூலி வெட்டிய மரத்திற்கு மட்டுமே எழுதப்பட்டது. கங்காணியாகவும் மண்டோராகவும் கிராணியாகவும் அவளுக்கு மேலே நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்களே. ஊரிலிருந்து உடன்வந்த சாதி வேற்றுமையும் லயத்தின் வரிசைகளில் இடம் பிடித்துக்கொண்டது. இத்துணையும் ஒருத்தியின் ஒருநாளில் ஒருங்கே நிகழ்ந்தவை என்பதை மனத்திற் கொண்டு சட்டத்தின் பக்கத்தைப் புரட்டுதல் வேண்டும்.

விதியில் நின்ற மூன்று சொற்கள்

1957இல் நாடு விடுதலை பெற்றபோது நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 8ஆம் விதி சமத்துவத்தைப் பேசுகிறது. அதன் முதற்பகுதி மனிதர் எல்லாரையும் சட்டத்தின்முன் சமமாக நிறுத்துகிறது. இரண்டாம் பகுதியோ சமயம், இனம், மரபுவழி, பிறந்த இடம் ஆகியவை காரணமாகக் குடிமக்களிடையே பாகுபாடு கூடாதென விலக்குகிறது. இப்பட்டியலில் ‘பால்’ என்னும் சொல் 44 ஆண்டுகள் இடம்பெறவில்லை. பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் மலேசியா சில விலக்குகளோடு 1995இல் சேர்ந்தது. அதன்பின் 2001இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, பட்டியலின் இறுதியில் அச்சொல் சேர்க்கப்பட்டது. போராடிப் பெற்ற வெற்றி அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சேர்க்கப்பட்ட சொல்லைக் கண்டு மகிழ்ந்தவர்கள், அதனைச் சூழ்ந்து முன்னரே நின்ற மூன்று சொற்களை ஊன்றிப் பார்த்தல் நன்று.

முதற்சொல் ‘குடிமக்கள்’. இரண்டாம் பகுதியின் காப்பு குடியுரிமை பெற்றவர்க்கே உரியது. விடுதலைக்குப் பின்னும் குடியுரிமைத் தாள் பெறாத தோட்டத் தொழிலாளர் மிகப் பலர். 1969ஐ அடுத்து, குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்னும் விதி இறுக்கப்பட்டபோது, பல்லாயிரம் தமிழர் தாம் உழைத்து வளர்த்த மண்ணை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினர். எஞ்சியவருள் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தியவர் உண்டு. கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத மணங்களும் அக்காலத்தில் மலிந்திருந்தன. முஸ்லிம் அல்லாதாரின் மணத்தைப் பதிவு செய்யப் பணிக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. பதிவில்லா மணத்தில் பிறந்த குழந்தைக்குத் தந்தையின் குடியுரிமை சட்டப்படி சேராது. தாயின் நிலையே அதன் நிலை. தாயிடமும் தாள் இல்லையெனில் குழந்தைக்கும் தாள் இல்லை. இங்கே வறுமையும் இனமும் பெண்மையும் எழுத்தறிவின்மையும் ஒரே தாளின் நான்கு மூலைகளாகி நிற்கின்றன.

இரண்டாவது சொல் ‘பொது அதிகாரம்’. பணி நியமனத்தில் பாகுபாடு கூடாது என்று விதி கூறுமிடத்து, அது அரசு சார்ந்த பணிகளையே சுட்டுகிறது. இதன் விளைவைத் தமிழாசிரியர்கள் தம் வரலாற்றிலிருந்தே உணரலாம். 1927இல் ஈப்போவில் பிறந்து, 1943இல் ஜான்சிராணிப் படையில் சேர்ந்து, பின்னர் ஆசிரியப் பணி ஏற்ற ராசம்மா பூபாலன், 1960இல் பெண்ணாசிரியர் சங்கத்தை அமைத்துச் சம ஊதியத்துக்காகப் போராடியவர். அரசுப் பணியிலிருந்த பெண்கள் சம ஊதிய உரிமையை 1960களின் இறுதியில் பெற்றனர். கல்வியும் சங்கமும் அரசு என்னும் ஒரே முதலாளியும் இருந்தமையால் அப்போராட்டம் பயன் தந்தது. தோட்டத்துப் பெண்ணின் முதலாளியோ தனியார் கம்பெனி. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் 1955இல் வேலைவாய்ப்புச் சட்டமும் தோன்றின. தொழிலாளி என்ற முறையில் அவை அவளுக்கு ஓரளவு துணைநின்றன. ஆனால் சமத்துவ விதி தோட்டத்து வாயிலிலேயே நின்றுவிட்டது. ஆசிரியைக்குத் திறந்த கதவு, அவ்வாசிரியையின் வகுப்பில் அமர்ந்த பிள்ளையின் தாய்க்குத் திறக்கவில்லை.

மூன்றாவது சொல்லே இக்கட்டுரையின் தலைப்பாக அமைந்த ‘மட்டும்’. இன்ன இன்ன காரணத்தால் மட்டுமே பாகுபாடு செய்தல் ஆகாது என்பது விதியின் தொடரமைப்பு. தமிழிலக்கணம் இதனைப் பிரிநிலை ஏகாரத்தின் பொருளாகக் கொள்ளும். பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்து நிறுத்துவது அதன் தொழில். அப்படிப் பிரித்து நிறுத்த இயலாத வாழ்க்கை உடையவள் அவ்விதியின்முன் என் செய்வாள்?

பிரிநிலை ஏகாரத்தின் விளையாட்டு

இச்சொல்லின் வலிமையை இந்திய நாட்டு வழக்கொன்று தெளிவாகக் காட்டும். இந்திய அரசியலமைப்பின் 15, 16ஆம் விதிகளிலும் இதே பிரிநிலைச் சொல் நிற்கிறது. ஏர் இந்தியா நிறுவனத்தின் விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். பணியேற்ற நான்காண்டுக்குள் மணந்தாலோ, முதன்முறை கருவுற்றாலோ அதற்கு முன்னரே விலக வேண்டும் என்று விதிகள் இருந்தன. நர்கேஷ் மீர்சா தொடுத்த வழக்கில் 1981இல் தீர்ப்புரைத்த இந்திய உச்ச நீதிமன்றம், கருவுற்றமைக்காக விலக்குதல் கொடிது என்று கூறி அவ்விதியை நீக்கிற்று. ஆயினும், அரசியலமைப்பு விலக்குவது பால் ஒன்றையே காரணமாகக் கொண்ட பாகுபாட்டை. பாலோடு பிற காரணங்களும் சேர்ந்திருப்பின் அது விலக்குக்கு உட்படாது என்பது தீர்ப்பின் போக்கு. நான்காண்டு மணத்தடையும் நிலைத்தது. பாகுபாட்டோடு இன்னொரு காரணத்தைச் சேர்த்துக் கட்டினால் சட்டத்தின் கையிலிருந்து நழுவலாம் என்னும் வழி இதனால் திறந்துவிடப்பட்டது. அவ்வழியை அடைக்க அந்நாட்டு நீதிமன்றத்திற்கே நெடுங்காலம் ஆயிற்று. 2018இல் நவ்தேஜ் சிங் ஜோகர் வழக்கில்தான் அவ்விளக்கம் பிழையென எடுத்துக்காட்டப்பட்டது.

மலேசியாவில் இதனோடு வைத்து எண்ணத்தக்கது பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கு. கருவுற்ற பணிப்பெண் தானே விலகிவிட வேண்டும் என்னும் கூட்டு ஒப்பந்த விதியின்படி, விலக மறுத்த அவரை மலேசிய விமான நிறுவனம் 1991இல் பணிநீக்கம் செய்தது. வழக்கு 2005இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிவுற்றது. அரசியலமைப்பு அரசுக்கும் தனியாளுக்கும் இடையிலான உறவையே ஆளும். கூட்டு ஒப்பந்தம் ‘சட்டம்’ என்னும் சொல்லில் அடங்காது என்று கூறி நீதிமன்றம் அவரது முறையீட்டை ஏற்க மறுத்தது. கூட்டு ஒப்பந்தம் என்பது தோட்டத் தொழிலாளர்க்குப் பழகிய சொல். அவர்தம் கூலியும் வேலைநேரமும் சங்கத்துக்கும் தோட்ட முதலாளிகள் சங்கத்துக்கும் இடையே எழுதப்பட்ட ஒப்பந்தங்களிலேயே பெரிதும் அமைந்தவை. வானத்தில் பறந்த பெண்ணுக்கு வழங்கப்பட்ட இத்தீர்ப்பு, பால்மரத்தடியில் நின்ற பெண்ணுக்கும் பொருந்துவதே.

2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் வேறொரு குரலில் பேசிற்று. தற்காலிக ஆசிரியையாக நியமிக்கப்பட்டு, கருவுற்றிருப்பதைத் தெரிவித்ததும் நியமனம் மறுக்கப்பட்ட நூர்பாடிலா அகமட் சைக்கின் தொடுத்த வழக்கு அது. கருவுற்றமைக்காக ஒருத்தியை விலக்குவது பால் காரணமான பாகுபாடே என அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் துணைக்கொண்டது. பாராட்டத்தக்க தீர்ப்பு. எனினும் அங்கு முதலாளி அரசு, வழக்காடியவர் குடிமகள் என்பதை மறத்தலாகாது. முன்னர்க் கூறிய முதலிரு சொற்களின் வேலிக்குள் நின்றே அவ்வெற்றி கிடைத்தது.

உம்மைத்தொகையும் அன்மொழித்தொகையும்

பெண் என்பதனால் ஒரு பங்கு, இனத்தால் ஒரு பங்கு, வறுமையால் ஒரு பங்கு எனத் துன்பத்தைக் கூட்டிக் காண்பது எளிது. ஆனால் அவ்வாறு கூட்டுதல் போதுமா என்னும் வினாவை அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுப்பினார். அவர் எடுத்தாண்ட வழக்குகளுள் ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின்மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்தது. பின்னர் வந்தவர் முன்னர் நீங்குக என்னும் முறையால், காலந்தாழ்ந்து பணிபெற்ற அவர்கள் வேலையிழந்தனர். நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, அவர்கள் வெள்ளையர். கறுப்பினத்தாரையும் எடுத்திருந்தது, அவர்கள் ஆண்கள். ஆகவே பால் பாகுபாடும் நிறுவப்படவில்லை, இனப்பாகுபாட்டை வேறாகக் காண்க என்று 1976இல் நீதிமன்றம் கூறி, இரண்டையும் இணைத்து நோக்க மறுத்தது. கறுப்பினப் பெண் என்பவள் அச்சட்டத்தின் கண்ணில் எங்குமே இல்லை. நாற்சந்தியில் அடிபட்டவளை எந்தத் தெருவில் வந்த வண்டி மோதியது என்று கேட்டுக்கொண்டிருப்பது போன்றது இது என்பது கிரென்ஷா காட்டும் உவமையின் கருத்து.

இக்கருத்தை விளக்கத் தமிழ் மாணவர்க்கு அயல்நாட்டுச் சாலை வேண்டுவதில்லை. தொகைநிலைத் தொடரே போதும். ‘இராப்பகல்’ என்பது உம்மைத்தொகை. இரவையும் பகலையும் கூட்டினால் அதன் பொருள் முடிந்தது. ‘பொற்றொடி’ என்பதோ அன்மொழித்தொகை. பொன்னும் தொடியும் தனித்தனியே நின்று தாராத பொருளை, அதாவது தொடியணிந்த பெண்ணை, அத்தொடர் உணர்த்துகிறது. அவளைக் காண விரும்புவோர் பொன்னை உருக்கியும் பயனில்லை; தொடியை உடைத்தும் பயனில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பெண் மீது விழுந்த பாகுபாடும் அன்மொழித்தொகை போன்றதே. அதனைப் பால் எனவும் இனம் எனவும் வகுப்பு எனவும் பிரித்துப் பார்க்கும்போது, பிரித்த எந்தத் துண்டிலும் அவள் அகப்படாள்.

மருந்தடிப்பு வேலை இதற்குத் தக்க சான்று. தோட்டங்களில் களைக்கொல்லி தெளிக்கும் பணி பெரிதும் பெண்களிடமே ஒப்படைக்கப்பட்டது. முதுகில் மருந்துத்தொட்டி சுமந்து செல்லும் அப்பணியின் தீங்குகளைத் தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஓர் ஆய்வின்வழி வெளிப்படுத்தியது. அதே ஆண்டில் பராகுவாட் என்னும் நச்சுமருந்துக்கு அரசு தடை விதித்தது; 2006இல் தடை தளர்த்தப்பட்டது; 2020இல்தான் முழுத்தடை வந்தது. இப்பணி பெண்ணுக்கு உரியது என எந்தச் சட்டமும் எழுதவில்லை. ஆண்களிலும் மருந்தடித்தவர் உண்டு. ஆகவே பால் காரணம் எனக் காட்டல் அரிது. தமிழரல்லாதாரும் அடித்தனர்; ஆகவே இனம் காரணம் எனக் காட்டலும் அரிது. ஆனால் வேறு திறன்வேலைக்குப் பயிற்சி தரப்படாதவள், வீட்டை இழக்க அஞ்சுபவள், மருந்துப்புட்டியின் எழுத்தைப் படிக்க இயலாதவள், மறுத்துப் பேசினால் மண்டோரின் சினத்துக்கு ஆளாகுபவள் யாரோ அவளிடமே அத்தொட்டி சென்று சேர்ந்தது. ‘மட்டும்’ என்னும் சொல்லை அளவுகோலாகக் கொண்டால் இங்குப் பாகுபாடே நிகழவில்லை என முடிவுகட்ட நேரும். அளவுகோலின் குறைபாடு இதனினும் வெளிப்படையாகத் தெரியுமாறில்லை.

சாதியையும் இங்கே ஒருவரியிற் குறித்தல் வேண்டும். மலேசிய விதியின் பட்டியலில் சாதி என்னும் சொல் இல்லை. ‘மரபுவழி’ என்னும் சொல் உண்டு. இனப்பாகுபாட்டை ஒழிக்கும் பன்னாட்டு உடன்படிக்கையின் குழு, மரபுவழி என்பதில் சாதியும் அடங்கும் என்று 2002இல் விளக்கம் தந்தது. அவ்வுடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. தமிழருக்குள் தமிழரே செய்துகொள்ளும் பாகுபாட்டுக்குச் சட்டத்தில் பெயரில்லாமையைச் சட்டத்தின் குறையென மட்டும் சொல்லித் தமிழ்ச் சமுதாயம் தப்பித்தல் இயலாது.

‘அல்லது’ என்னும் இன்னொரு சொல்

இடைச்சொல் ஒன்றில் ஒரு தாயின் வாழ்வு தொங்கிய வழக்கு ஈப்போவிலேயே நிகழ்ந்தது. பாலர்பள்ளி ஆசிரியையான இந்திரா காந்தியின் கணவர் 2009இல் இஸ்லாம் தழுவி, தாய் அறியாமலேயே மூன்று குழந்தைகளையும் மதமாற்றப் பதிவு செய்தார்; பதினொரு மாதக் கைக்குழந்தையான இளைய மகளைத் தாயிடமிருந்து எடுத்துச் சென்றார். முஸ்லிம் அல்லாத தாய் ஷரியா நீதிமன்றத்தில் நின்று வழக்காட இயலாது. குடிமையியல் நீதிமன்றத்துக்கு இதில் அதிகாரமில்லை என்பது எதிர்வாதம். தந்தையென்னும் நிலையாலும் சமயத்தாலும் ஒருவருக்குக் கிடைத்த வலிமை, தாயென்னும் நிலையாலும் சமயத்தாலும் மற்றவருக்கு இல்லாமற் போயிற்று.

பதினெட்டு வயது நிரம்பாதவரின் சமயத்தைப் பெற்றோர் முடிவு செய்வர் என்று கூறும் 12ஆம் விதியில், ஆங்கில மூலத்துச் சொல் ஒருமையில் நிற்கிறது. மலாய் வடிவிலோ ‘தாய் அல்லது தந்தை’ என வந்தது. ‘அல்லது’ எனக் கொண்டால் ஒருவர் இசைவே போதும். ‘தாயும் தந்தையும்’ என எண்ணும்மை கொண்டால் இருவரும் இசைதல் வேண்டும். 2013இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மதமாற்றத்தைச் செல்லாததாக்கியது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2018 ஜனவரி 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம், ஒருமைச் சொல் பன்மையையும் உள்ளடக்கும் என்னும் விளக்க முறையைக் கொண்டு, இருவர் இசைவும் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. குழந்தைகளின் காப்பாளர் என்ற நிலையில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை தந்த 1999ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் அதற்குத் துணைநின்றது. அல்லது என்பது உம்மையாக வாசிக்கப்பட ஒன்பது ஆண்டுகள் ஆயின. தீர்ப்பு வெளிவந்த நாளிலும் இளைய மகள் தாயின் கையில் இல்லை.

இவ்வழக்கிலிருந்து பெறத்தக்க பாடம் சமயங்களின் பகைமை அன்று. சட்டத்தின் சொல் எத்துணை அளவு படிப்போரின் பார்வையைச் சார்ந்துள்ளது என்பதே அது. அதே சொல், அதே விதி. தாயை எண்ணிக்கையில் சேர்த்துப் படித்தோர்க்கு ஒரு பொருளும், சேர்க்காமற் படித்தோர்க்கு வேறு பொருளும் கிடைத்தன.

கதைகளிலும் அதே பிரிநிலை

சட்டத்தை இவ்வாறு குறை காணும் திறனாய்வு, தன் இலக்கியத்தையும் அதே அளவுகோலால் அளத்தல் கடன். மலேசியத் தமிழ்ப் புனைகதைக்குத் தோட்டமே தாய்வீடு. இங்குள்ள எழுத்தாளர் பலரும் தோட்டத்துப் பெண்ணைப் பாடுபொருளாகக் கொண்டனர். தமிழகத்து அகிலனும் இந்நாட்டைக் கண்டு சென்று ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ போன்ற நாவல்கள் தோட்டத்தின் உள்முகத்தைக் காட்டின. இவர்கள் இல்லையேல் அவ்வாழ்க்கை செக்ரோலின் எண்களாகவே எஞ்சியிருக்கும்.

எனினும், நம் சிறுகதைகளுள் பலவற்றில் பெண்ணின் துயருக்குக் காரணம் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. ஒரு கதையில் குடிகாரக் கணவன், மற்றொன்றில் காமுகக் கிராணி, இன்னொன்றில் ஊழ்வினை. கணவன் திருந்தினால் கதை முடியும்; கிராணி மாற்றலாகிப் போனால் கதை முடியும். கள்ளுக்கடையைத் தோட்டத்தின் எல்லைக்குள் உரிமத்தோடு நடத்தியவர் யார், சம்பள நாளில் அக்கடை திறந்திருந்ததால் யாருக்கு ஊதியம் திரும்பிற்று, அடிபட்ட பெண் லயத்தை விட்டு வெளியேறினால் அன்றிரவு அவள் தங்க இடமுண்டா என்னும் வினாக்கள் கதையின் புறத்தே நின்றுவிடுகின்றன. கணவன் கையோங்கியது கண்ணுக்குத் தெரிகிறது. அக்கைக்குப் பின்னால் நின்ற கூலிக் கணக்கு தெரிவதில்லை. சட்டம் ‘மட்டும்’ என எழுதியதை இத்தகைய கதைகள் எழுதாமலே பின்பற்றுகின்றன.

இதற்கு மறுப்பும் கூறலாம். சிறுகதை ஒருமுகப்பாடு வேண்டும் வடிவம். காரணங்கள் யாவற்றையும் அடுக்கினால் அது அறிக்கையாகிவிடும் என்பர். வடிவத்தைப் பற்றிய அளவில் இம்மறுப்பு நியாயமே. ஆனால் காரணங்களை அடுக்கச் சொல்வது இங்கு நோக்கமன்று. மங்கில் பால் நிறையுமுன் மழை வந்துவிட்ட ஒரு காலைப் பொழுதை உண்மையாக எழுதினாலே போதும். வேலை நின்றதால் குறையும் கூலி, நனைந்த சேலையோடு பிள்ளையைத் தேடி ஆயாக் கொட்டகைக்கு ஓடும் கால், கடைக்கடன் புத்தகம், வீட்டில் காத்திருக்கும் சினம் ஆகியவை அப்பொழுதுக்குள் தாமே வந்து பின்னிக்கொள்ளும். நல்ல எழுத்தாளர் அப்பின்னலை அவிழ்த்துக் காட்டுவதில்லை. பின்னலாகவே கையில் தருகின்றனர். நீதிபதிக்கு அரிதாக உள்ள பார்வை எழுத்தாளர்க்கு இயல்பாகக் கைகூடத்தக்கது. அதனைக் கைவிடுதல் பெரிய இழப்பாகும்.

எஞ்சி நிற்பது

இவ்வாண்டுகளில் சட்டம் சற்றே நகர்ந்துள்ளது என்பதை மறைத்தல் நேர்மையன்று. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டம், பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. கருவுற்ற பெண்ணைப் பணிநீக்கம் செய்வதற்குக் கட்டுப்பாடு விதித்தது. வேலையிடத்துப் பாகுபாடு பற்றிய முறையீட்டைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு கூறவும் வழிசெய்தது. தனியார் தோட்டத்து வாயிலை இச்சட்டம் கடக்கிறது. பாகுபாடு இன்னது என்று வரையறுக்காமல் விட்டமை அதன் குறை. ஆனால் பட்டியலும் ‘மட்டும்’ என்னும் சொல்லும் அங்கே இல்லாமையால், பின்னிய காரணங்களைப் பின்னியவாறே நோக்க விரும்பும் அதிகாரிக்கு அது தடையும் அன்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல், பார்வையற்ற பட்டியல்சாதிப் பெண்ணொருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றிய வழக்கில், பாலும் சாதியும் உடற்குறையும் ஒருங்கே நோக்கத்தக்கவை என வெளிப்படையாக எழுதியது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தந்தைவழியே குடியுரிமை என்றிருந்த விதியைத் தாய்க்கும் உரியதாக்கும் திருத்தத்துக்கு மலேசிய மக்களவை 2024 அக்டோபரில் இசைந்தது. சொற்கள் மாறக்கூடியவை என்பதற்கு இவை சான்று.

லகாட்டைச் சூழ்ந்த காடுகளில் உழைத்த தமிழ்ப்பெண்களின் பேத்தியர் இன்று ஆசிரியையராகவும் தாதியராகவும் வழக்கறிஞராகவும் நகரங்களில் வாழ்கின்றனர். அவர்கள் விட்டு நீங்கிய தோட்டங்களின் வேலைக்கு இன்று வெளிநாட்டுத் தொழிலாளர் வருகின்றனர். அவ்வாறு வந்த பெண் மருத்துவச் சோதனையில் கருவுற்றவளெனத் தெரிந்தால் திருப்பி அனுப்பப்படுகிறாள். 8ஆம் விதியின் இரண்டாம் பகுதியில் அவள் இல்லை. மனிதர் எல்லாரையும் சுட்டும் முதற்பகுதியில் மட்டுமே இருக்கிறாள். குடியுரிமைத் தாளின்றி 40 காசுக்கு உழைத்தவளின் இடத்தில் இன்று நிற்பவள் அவளே. தமிழிலக்கணம் பலர்பாலில் ஆணென்றும் பெண்ணென்றும் பிரிப்பதில்லை. ஊரென்றும் நாடென்றும் கேட்பதுமில்லை. தம் பாட்டியரின் கணக்கு நேர்படுத்தப்பட வேண்டும் எனக் கேட்கும் தமிழர், அப்பெண்ணின் கணக்கையும் அதே ஏட்டில் எழுதிக் கேட்பாராயின், அக்கேள்விக்கு வலிமை கூடும்.